ரகசியம் யாருடையது?

சாவித்திரிபாய் பூலே நினைவுச் சொற்பொழிவு, உத்திரமேரூர்



மார்ச் 10 சாவித்திரிபாயின் நினைவு நாள். 1848இல் பூனாவின் பிடே வாடாவில் பெண்களுக்குப் பள்ளி நடத்தியவர். தெருவில் சாணியும் சேறும் எறிந்தார்கள் என்பதற்காக மாற்றுப் புடவை ஒன்றைப் பையில் எடுத்துப் போனவர். 1897இல் பிளேக் பரவியபோது மகார் குடியிருப்பிலிருந்து ஒரு சிறுவனைச் சுமந்து மருத்துவம் பார்க்கக் கொண்டுபோய், அதே நோய் தொற்றி இறந்தவர். இவ்வளவும் இந்த அவைக்குத் தெரியும். அதனால்தான் இன்று வேறு ஒன்றைப் பேசலாம் என்று வந்தேன். ஒரு கிரைம் நாவலைப் பற்றி.

அமைப்பாளர்கள் முதலில் தயங்கினார்கள். நினைவுச் சொற்பொழிவில் த்ரில்லர் நாவலா என்று கேட்டார்கள். காரணம் சொன்னேன். சாவித்திரிபாய் பிறந்த நாய்காவ், மராட்டியத்தின் சாதாரா மாவட்டத்தில் இருக்கிறது. அண்ணல் அம்பேத்கர் சிறுவனாக, வீட்டிலிருந்து கொண்டுபோன கோணிப்பையில் தனியே உட்கார்ந்து படித்ததும் சாதாராவில்தான். அதே மாவட்டத்தின் மலை மேல் பஞ்ச்கனி என்ற ஊர். ஆங்கிலேயர் உருவாக்கிய மலைவாழிடம். பணக்காரப் பிள்ளைகளின் உறைவிடப் பள்ளிகளுக்குப் பேர்போனது. ஒரே மாவட்டத்தில் கீழே கோணிப்பை, மேலே கான்வென்ட். அந்த மேலே இருக்கும் பள்ளியைப் பற்றித்தான் நாவல்.

நயனா கரிம்பாய் ஆங்கிலத்தில் எழுதி 2011இல் வெளிவந்தது, ‘மிஸ் டிம்மின்ஸ் ஸ்கூல் ஃபார் கேர்ள்ஸ்’. கதை நடப்பது 1974இல். ஆங்கிலேய மிஷனரிகள் நடத்தும் பெண்கள் உறைவிடப் பள்ளிக்கு சாரு ஆப்தே என்ற 21 வயதுப் பெண் ஆசிரியையாக வருகிறாள். கட்டுப்பெட்டியான மராட்டிய பிராமணக் குடும்பத்துப் பெண். முகத்தில் ஒரு கறை. யார் தன்னைப் பார்த்தாலும் அந்தக் கறையைத்தான் பார்க்கிறார்கள் என்று கூசுகிறவள். பள்ளியில் மொய்ரா பிரின்ஸ் என்ற ஆசிரியை, எந்த விதிக்கும் அடங்காதவள். இருவருக்கும் நெருக்கம்; அது காதலாகிறது. மழைக்காலத்தில் ஓர் இரவு, மலையுச்சிச் சமவெளிக்குக் கீழே, பாறையடியில் பிரின்ஸ் பிணமாகக் கிடக்கிறாள். விழுந்தாளா, தள்ளினார்களா, தள்ளியது யார்? நடுப்பகுதியை நந்திதா என்ற பள்ளி மாணவி சொல்கிறாள். பெரியவர்கள் மறைத்ததைப் பிள்ளைகள் துருவுகிறார்கள். மலை, மூடுபனி, மழை, பூட்டிய அறைகள். படிக்க எடுத்தால் வைக்க முடியாது. நல்ல நாவல் என்றே சொல்வேன். குறை சொல்வதற்காக இதை எடுக்கவில்லை. இந்த வகை நாவல் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால், நம் விடுதிகளைப் பற்றி ஒரு செய்தி பிடிபடுகிறது. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

இந்த வகைக்கு மூன்று சாமான் வேண்டும். ஒன்று, மூடிய இடம். வெளியாள் உள்ளே வர முடியாது. உள்ளே இருப்பவள் நினைத்தபோது வெளியே போக முடியாது. இரண்டு, ரகசியம். ஒவ்வொருத்திக்கும் ஒன்று இருக்க வேண்டும். அதுதான் பாத்திரத்துக்கு ஆழம் தருகிறது. மூன்று, பயம். அது வெளியிலிருந்து வரக்கூடாது, மனத்துக்குள்ளிருந்து வர வேண்டும். அதனால்தான் ‘சைக்கலாஜிக்கல்’ என்கிறார்கள்.

முதல் சாமானைப் பார்ப்போம். மூடிய இடம் என்றால் யாரை உள்ளே விடுவது என்ற பட்டியல் இருக்க வேண்டும். பட்டியல் போடுவதைப் பற்றி உத்திரமேரூர்க்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. 919, 921 ஆண்டுகளைச் சேர்ந்தது. குடவோலை முறை, உலகுக்கே ஜனநாயகம் கற்றுத்தந்த ஊர் என்று மேடைக்கு மேடை பேசுகிறார்கள். கல்வெட்டு என்ன சொல்கிறது? பெயரைக் குடத்தில் போட வேண்டுமானால் கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும். சொந்த மனையில் கட்டிய வீடு வேண்டும். வயது 35க்கு மேல், 70க்குக் கீழ். மந்திரப் பிராமணம் கற்றிருக்க வேண்டும். இது சதுர்வேதிமங்கலம், பிராமணர்களுக்குத் தானமாகக் கொடுத்த ஊர். குடத்துக்குள் போகும் ஓலை யாருடையது என்பது, குடத்தைக் குலுக்குவதற்கு முன்பே முடிந்துபோன விஷயம். நிலத்தில் இறங்கி உழைத்தவர் பெயர் அதில் இல்லை. பெண் பெயரும் இல்லை.

பெரிய இடத்துப் பள்ளிகளும் இப்படித்தான். வாசலில் சாதி எழுதியிருக்காது. கட்டணம் எழுதியிருக்கும், பெற்றோருக்கு நேர்காணல் இருக்கும், வீட்டில் என்ன மொழி பேசுவீர்கள் என்ற கேள்வி இருக்கும். உள்ளே போன பிறகு எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே சீருடை. எல்லாரும் சமம் என்ற தோற்றம் வந்துவிடுகிறது. அதன் பிறகுதான் அந்த நாவல் தொடங்குகிறது. யார் உள்ளே வரவில்லை என்பது நாவலின் முதல் பக்கத்துக்கு முன்பே முடிந்திருக்கிறது.

இப்போது நம் பக்கத்துக்கு வருவோம். மூடிய இடம், ரகசியம், பயம் மூன்றும் சேர்ந்த கதை நம்மிடம் இருக்கிறதா? இருக்கிறது. எழுதியவர் அம்பேத்கர். ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ என்ற அவரது சிறு தன்வரலாற்றில் வருகிறது.

அமெரிக்காவிலும் லண்டனிலும் படித்துவிட்டு 1917இல் பரோடா சமஸ்தான வேலைக்கு வருகிறார். தங்க இடமில்லை. இந்து விடுதியில் சேர்க்க மாட்டார்கள். பார்சிகளின் விடுதி ஒன்றுக்குப் போகிறார். அங்கே பார்சிகளுக்கு மட்டும்தான் இடம். பார்சிப் பெயரில் பதிவு செய்துகொண்டு தங்குகிறார். மாடியில் பெரிய கூடம். உடைந்த பெஞ்சும் தட்டுமுட்டுச் சாமான்களும் குவிந்து கிடக்கின்றன. மின்விளக்கு இல்லை. ஒரு சின்ன அரிக்கேன் விளக்கு. இருட்டில் வௌவால்கள் பறக்கின்றன. அந்தக் கூடத்தில் ஒற்றை ஆளாகப் புத்தகம் படித்துக்கொண்டு இருக்கிறார். பதினோராவது நாள் காலையில், அலுவலகம் புறப்படும் நேரத்தில், படிக்கட்டில் காலடிச் சத்தம். கையில் தடியோடு பத்துப் பன்னிரண்டு பார்சிகள். ‘நீ யார்’ என்பதுதான் கேள்வி. மாலைக்குள் காலி செய் என்பது கெடு. ஓர் இந்து நண்பரும் ஒரு கிறிஸ்தவ நண்பரும் அவரைத் தங்கவைக்க வழியில்லை என்கிறார்கள். பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு, இரவு பம்பாய் ரயில் ஏறுகிறார்.

எந்த த்ரில்லர் எழுத்தாளரும் இதைவிட நல்ல இடத்தைக் கற்பனை செய்ய முடியுமா? இருட்டு, தனிமை, பொய்ப் பெயர், படிக்கட்டில் காலடி. எல்லாம் இருக்கிறது. ஒரே ஒரு வித்தியாசம். பஞ்ச்கனி நாவலில் ரகசியம் அந்தந்தப் பாத்திரத்தின் சொத்து. அவள் செய்ததை, ஆசைப்பட்டதை, இழந்ததை மறைக்கிறாள். பரோடாவில் மறைத்தவர் எதையும் செய்யவில்லை. அவர் மறைத்தது தன் பிறப்பை. அதை மறைக்கச் சொன்னது விடுதியின் விதி. ரகசியத்தை உண்டாக்கியது விடுதி, சுமந்தவர் அம்பேத்கர், கண்டுபிடித்ததும் குற்றவாளியாக நின்றவரும் அவரே.

இன்று நான் சொல்ல வந்தது இந்த ஒன்றுதான். பயம் தலித் பிள்ளையின் மனத்தில் இருக்கும் நோய் என்று சொல்கிறார்கள். தாழ்வு மனப்பான்மை, தன்னம்பிக்கைக் குறைவு, கவுன்சலிங் கொடுங்கள் என்கிறார்கள். அந்தப் பயம் கட்டடத்தில் இருக்கிறது. பெயர்ப் பலகையில், வருகைப் பதிவேட்டில், சாப்பாட்டு வரிசையில், ஆசிரியர் கேட்கும் கேள்வியில் இருக்கிறது. அங்கிருந்துதான் பிள்ளையின் மனத்துக்குப் போகிறது.

சாருவின் முகத்தில் இருந்த கறை கண்ணுக்குத் தெரிவது. நம் பிள்ளையின் முகத்தில் ஒன்றும் இல்லை. இருந்தும் தேடுகிறார்கள். பெயர் சொன்னால் அப்பா பெயர் கேட்பார்கள். அப்பா பெயர் போதவில்லை என்றால் ஊர். ஊரும் போதவில்லை என்றால் தெரு. ‘ஊர்லயா, காலனியா?’ அந்த இடத்தில் கேள்வி நின்றுவிடும். பதில் கிடைத்துவிட்டது.

யஷிகா தத் எழுதி 2019இல் வெளிவந்த ‘கமிங் அவுட் அஸ் தலித்’ நூலைத் தோழர்கள் படிக்க வேண்டும். பள்ளிப் பருவத்தில் தோழியின் அம்மா சாதி கேட்கிறார். பிராமணர் என்று சொல்கிறாள் அந்தச் சிறுமி. பிறகு டெல்லி செயின்ட் ஸ்டீபன்ஸ் கல்லூரி, பத்திரிகை வேலை, அமெரிக்கா என்று போகும் வழியெல்லாம் அந்தப் பொய்யைக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது. என்ன பேசுவது, என்ன உடுத்துவது, எந்தப் பேச்சு வந்தால் எழுந்து போவது என்று ஒவ்வொரு நாளும் கணக்கு. 2016 ஜனவரியில் ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழக விடுதியில் ரோகித் வெமுலா இறந்த பிறகுதான் தன் சாதியை வெளியில் சொல்கிறார். அந்த நூலை நான் சமூகவியல் மாணவியாக மட்டும் படிக்கவில்லை. அடுத்த பக்கத்தில் மாட்டிக்கொள்வாளோ என்ற பதைப்போடு படித்தேன்.

நம் தமிழுக்கு வந்தால் பாமாவின் ‘கருக்கு’. 1992இல் வெளிவந்தது. தன்வரலாறு என்று படிக்கிறோம், பாடத்திட்டத்தில் வைக்கிறோம். இன்று அதைக் கிரைம் நாவல் படிக்கும் கண்ணோடு படித்துப் பாருங்கள். பள்ளி வளாகத்தில் பிள்ளைகள் விளையாடும்போது தென்னை மரத்திலிருந்து ஒரு காய் விழுகிறது. பழி அந்தச் சேரிச் சிறுமி மேல். எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால் தலைமையாசிரியர் சாதியைச் சொல்லித் திட்டுகிறார். பாதிரியாரிடம் போனால், நீ சேரிப் பிள்ளை, செய்திருப்பாய் என்கிற மனநிலைதான் அங்கேயும். பஞ்ச்கனி நாவலில் குற்றம் நடந்த பிறகு குற்றவாளியைத் தேட நூற்றுக்கணக்கான பக்கம் ஆகிறது. ‘கருக்கு’ நூலில் குற்றமே நடக்கவில்லை. குற்றவாளி முன்பே தயார். தேட வேண்டிய வேலை யாருக்கும் இல்லை.

பிறகு அவள் ஊரை விட்டு விடுதியில் தங்கிப் படிக்கப் போகிறாள். அங்கே வார்டன் சிஸ்டருக்கு ஏழைப் பிள்ளைகளையும் சேரிப் பிள்ளைகளையும் கண்டால் ஆகாது. இங்கே வந்து தின்று கொழுக்கிறார்கள் என்ற பொருளில் ஏசுவார். வளர்ந்து, ஆசிரியையாகி, கன்னியாஸ்திரி ஆன பிறகு பாமா பார்ப்பது இதே காட்சியின் மறுபக்கத்தை. பணக்காரப் பிள்ளைகள் படிக்கும் கான்வென்ட் பள்ளி; அங்கே பெருக்குவதும் கக்கூஸ் கழுவுவதும் நம் ஆட்கள். அங்கிருந்து அவர் வெளியேறினார், எழுதினார். உயர்தரப் பெண்கள் பள்ளியின் உள்வாசலைத் தமிழில் நமக்குத் திறந்து காட்டிய புத்தகம் அது. அதில் கொலை இல்லை. வாசகருக்கு மூச்சு முட்டுகிறது என்றால், அதற்குக் காரணம் கட்டடம்.

மேல்நாட்டு எழுத்தில் இதைக் கண்டவர்கள் இல்லையா என்றால், உண்டு. 1847இல் சார்லட் பிராண்டி எழுதிய ‘ஜேன் அயர்’. அதில் லோவுட் என்ற உறைவிடப் பள்ளி வருகிறது. தரும காரியம் என்று நடத்தும் பள்ளி. தீய்ந்த கஞ்சி, குளிர், ஈரம், கெட்ட தண்ணீர். காய்ச்சல் பரவும்போது 80 பேரில் 45 பிள்ளைகள் ஒரே நேரத்தில் படுக்கையில். இது வெறும் கற்பனை அல்ல. சார்லட் சிறுமியாகத் தங்கிப் படித்த பள்ளியில் நோயுற்று அவருடைய அக்காமார் இருவர் 1825இல் இறந்தார்கள். நாவலில் விசாரணை நடக்கிறது. சாவுக்குக் காரணம் யார் என்று கேட்டவர்களுக்குக் கிடைத்த பதில் இடம், உணவு, தண்ணீர், துணி. அந்தப் பதிலால் பள்ளி மாறுகிறது. கொலையாளி கஞ்சிப் பானை என்று 1847இலேயே எழுதிவிட்டார் அந்தப் பெண்.

இன்னொன்று, ஆஸ்திரேலிய எழுத்தாளர் ஜோன் லிண்ட்சே 1967இல் எழுதிய ‘பிக்னிக் அட் ஹேங்கிங் ராக்’. 1900ஆம் ஆண்டு. சீமாட்டி வீட்டுப் பெண்கள் படிக்கும் உறைவிடப் பள்ளி. சுற்றுலா போன இடத்தில் மூன்று மாணவிகளும் ஓர் ஆசிரியையும் பாறைகளுக்கு இடையில் காணாமல் போகிறார்கள். போலீஸ், மோப்ப நாய், பத்திரிகைகள் என்று ஊரே தேடுகிறது. அதே பள்ளியில் சாரா என்ற அநாதைச் சிறுமி இருக்கிறாள். அவளைச் சுற்றுலாவுக்கு அழைத்துப் போகவில்லை. அவளுக்குக் கட்டணம் வந்து சேரவில்லை. அநாதை இல்லத்துக்கே திருப்பி அனுப்பிவிடுவேன் என்று தலைமையாசிரியை மிரட்டுகிறாள். கடைசியில் பள்ளிக் கட்டடத்தின் கீழே பூச்செடிகளுக்கு நடுவில் சாரா பிணமாகக் கிடக்கிறாள். உலகம் முழுக்கப் பேசுவது பாறையில் மறைந்த பெண்களைப் பற்றி. கட்டணம் கட்டாத பிள்ளையின் சாவில் மர்மமே இல்லை. அதனால்தான் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. மர்மத்துக்குக்கூட ஒரு தகுதி வேண்டியிருக்கிறது, தோழர்களே. நிலமும் மனையும் வேண்டும், குடவோலை மாதிரி.

இனி நம் விடுதிக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் ஆதிதிராவிடர் நலத்துறை விடுதிகள் 1,300க்கு மேல் இருக்கின்றன. அவை இல்லையென்றால் நான் இந்த மேடையில் இல்லை. இந்த அவையில் பாதிப் பேர் இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். விடுதி வேண்டாம் என்று பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது. நம் முன்னோர் கேட்டு வாங்கியது அது. அதற்குள் இருக்கும் பயத்தை நாம்தான் பேச வேண்டும்.

நான் படித்த காலத்தில் உதவித்தொகைப் படிவம் வந்தால் ஆசிரியர் வகுப்பில் நின்று, ‘எஸ்சி பிள்ளைங்க எல்லாம் எழுந்து நில்லுங்க’ என்பார். எழுந்து நிற்போம். எண்ணுவார். உட்காரச் சொல்ல மறந்துவிடுவார். அந்த இரண்டு நிமிடத்தில் வகுப்பில் ரகசியம் என்று ஒன்று மிச்சமிருக்காது. மதியம் சோற்றுப் பாத்திரம் திறக்கும்போது உட்காரும் இடம் மாறியிருக்கும்.

இப்போது அப்படி இல்லை, எல்லாம் இணையத்தில் என்கிறார்கள். போன வருடம் நாங்கள் விடுதி மாணவிகளோடு பேசியபோது ஒரு தங்கை சொன்னாள்: “நான் ஒரு ஸ்டாப் முன்னாடியே இறங்கிடுவேன்க்கா. பஸ்ல எங்க கிளாஸ் பொண்ணுங்க வருவாங்க. போர்டு போட்ட கேட்டுக்குள்ள நான் போறத அவங்க பார்க்கக் கூடாது.” ஒரு நிறுத்தம் நடை. மழையில், வெயிலில், மாதவிலக்கு நாளில், பை தூக்கிக்கொண்டு. எந்த த்ரில்லர் நாவலிலும் இவ்வளவு நீளமான பதற்றக் காட்சி கிடையாது. தினமும் இரண்டு வேளை.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பிளஸ் டூ படிக்கும் தலித் மாணவனை, உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் விடவில்லை. அதன் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. பள்ளிப் பெயர்களில் சாதி அடையாளம் வேண்டாம் என்றது. 2025 ஜூலையில் எல்லா விடுதிகளும் ‘சமூகநீதி விடுதி’ என்று முதலமைச்சர் அறிவித்தார். நம் தோழர்களுக்குள் இதில் இரண்டு கருத்து இருக்கிறது. பலகை மாறினால் அந்தத் தங்கை ஒரு நிறுத்தம் மிச்சப்படுத்துவாள் என்பது ஒன்று. பெயரை மறைத்தால் நிதியையும் உரிமையையும் மறைத்துவிடுவார்கள் என்பது மற்றொன்று. இரண்டிலும் உண்மை உண்டு. என் பார்வை இது: பலகை மாறட்டும். ஆனால் வெட்கப்பட வேண்டியது பலகையைப் பார்த்துச் சிரித்த பிள்ளையும், அவளுக்கு அந்தச் சிரிப்பைக் கற்றுக்கொடுத்த வீடும் என்பதை வகுப்பறையில் யாராவது சொல்ல வேண்டும். அதைச் சொல்லாவிட்டால் புதுப் பெயரும் இரண்டு வருடத்தில் பழைய பொருளுக்கு வந்துவிடும். ‘காலனி’ என்ற ஆங்கிலச் சொல் இங்கே என்ன பொருளுக்கு வந்து சேர்ந்தது என்று நமக்குத் தெரியும்.

கஞ்சிப் பானையையும் மறக்க வேண்டாம். விடுதியில் பள்ளி மாணவருக்கு உணவுக்கு மாதம் 1,400 ரூபாய். நாளுக்கு 47 ரூபாய்கூட வரவில்லை. மூன்று வேளைக்கும் அதுதான். அதிலும் எவ்வளவு தட்டுக்கு வருகிறது என்று கேட்டால் கேட்ட பிள்ளை கெட்ட பிள்ளை. உத்திரமேரூர்க் கல்வெட்டில் ஒரு நல்ல விதியும் இருக்கிறது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரையும், அவருடைய உறவினர் பெயரையும் குடத்தில் போடக் கூடாது. ஆயிரம் ஆண்டுப் பெருமை பேசுகிறவர்கள் இந்த ஒரு வரியையாவது விடுதிக் கணக்குக்கு நடைமுறைப்படுத்தட்டும்.

கடைசியாகச் சாவுக்கு வருகிறேன். கடினமான இடம். தங்கைகள் இருக்கிறீர்கள், நிதானமாகச் சொல்கிறேன்.

நாவலில் மொய்ரா பிரின்ஸ் இறந்தால் இன்ஸ்பெக்டர் வருகிறார், ஊர் பேசுகிறது, மாணவிகள் துப்புத் துலக்குகிறார்கள், முடிவு தெரியாமல் வாசகர் தூங்கமாட்டார். நம் பிள்ளை விடுதியில் இறந்தால் மறுநாள் பேப்பரில் நான்கு வரி. தேர்வு பயம், காதல் விவகாரம், வயிற்றுவலி. அதாவது காரணம் அவள் மனத்தில், அவள் உடம்பில். கட்டடத்துக்குத் தொடர்பே கிடையாது. ‘சைக்கலாஜிக்கல்’ என்ற சொல்லைப் போலீஸ் எழுத்தர் பயன்படுத்தமாட்டார். ஆனால் அவர் எழுதுவது அதுதான்.

2016 மார்ச்சில் ராஜஸ்தான் மாநிலம் நோகாவில், ஆசிரியர் பயிற்சி நிறுவன விடுதியில் 17 வயது தலித் மாணவி. நன்றாக ஓவியம் வரைவாள். உடற்கல்வி ஆசிரியரின் அறையைச் சுத்தம் செய்ய அனுப்பப்பட்டாள். நடந்ததை அறிந்த நிர்வாகம் போலீசுக்குப் போகவில்லை. விருப்பத்தோடு நடந்தது என்று எழுதி வாங்கியது. மறுநாள் அவள் உடல் தண்ணீர்த் தொட்டியில். எழுதி வாங்கிய அந்தத் தாளைக் கவனியுங்கள். அவளுக்கு ஒரு ரகசியத்தை உண்டாக்கி, அவள் கையெழுத்தாலேயே அவள் மேல் சுமத்திய தாள் அது. பெற்றோரும் இயக்கங்களும் விடவில்லை. 2021இல் நீதிமன்றம் அந்த ஆசிரியருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. அத்துடன் நிற்கவில்லை, விடுதிக் காப்பாளருக்கும் சிறைத் தண்டனை விதித்தது. குற்றவாளிக் கூண்டில் கட்டடமும் ஏறியது. ‘ஜேன் அயர்’ கேட்ட கேள்விக்கு நம் நாட்டில் கிடைத்த பதில்களில் இது ஒன்று.

செயற்பாட்டாளர்கள் குறித்துக்கொள்ள வேண்டியவை சில. விடுதி மரணம் என்றதும் சந்தேக மரணம் என்று 174இல் பதிவு செய்வார்கள். புதிய சட்டத்தில் அது 194. அங்கேயே மூடப் பார்ப்பார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இன்படி வழக்குப் பதிவானால், விதி 7இன்படி டிஎஸ்பி தகுதிக்குக் குறையாத அதிகாரி விசாரிக்க வேண்டும். 60 நாளில் முடிக்க வேண்டும். கடமையைச் செய்யாத தலித் அல்லாத அரசு ஊழியர் மேல் பிரிவு 4 பாயும். முதல் நாளே கேட்க வேண்டிய காகிதங்கள்: வருகைப் பதிவேடு, வெளியே போன நேரம் எழுதும் நோட்டு, பார்வையாளர் பதிவேடு, கேமரா இருந்தால் அதன் பதிவு, பிள்ளை எழுதிக் கொடுத்ததாகச் சொல்லும் எந்தக் கடிதமானாலும் அதன் நகல். இந்தக் காகிதங்கள்தான் நம் துப்பறியும் நாவல். மூன்றாம் நாள் போய்க் கேட்டால் புது நோட்டு இருக்கும்.

எழுத நினைக்கும் மாணவர்களுக்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன். நம் ஆட்கள் த்ரில்லர் எழுதக் கூடாதா, தன்வரலாறு மட்டும்தான் எழுத வேண்டுமா என்று போன கூட்டத்தில் ஒரு தம்பி கேட்டான். எழுது தம்பி. மர்மம் எழுது, பேய்க்கதை எழுது. எழுதும்போது ஒன்றைச் சரிபார்த்துக்கொள். உன் நாயகி ஒன்றை மறைக்கிறாள் என்றால், அவளை மறைக்க வைத்தது யார் என்பதும் கதைக்குள் இருக்கிறதா? கடைசி அத்தியாயத்தில் பிடிபடுகிறவன் ஒற்றை மனநோயாளி மட்டும்தானா, அல்லது அவனுக்குச் சாவிக் கொத்தைக் கொடுத்த அலுவலகமும் பிடிபடுகிறதா? சாவிக் கொத்து வரை போகும் த்ரில்லர் தமிழுக்கு இன்னும் வேண்டும்.

தங்கைகளுக்குச் சொல்ல, சாவித்திரிபாய் பள்ளியிலிருந்தே ஒரு பெயர். முக்தா சால்வே. மாங் சமூகத்துச் சிறுமி, 14 வயது. பூலே தம்பதியர் பள்ளியில் படித்தவள். மாங்குகளும் மகார்களும் படும் துன்பத்தைப் பற்றி அவள் எழுதிய கட்டுரை 1855இல் ‘ஞானோதயா’ இதழில் வந்தது. வேதம் எங்களுக்கு இல்லை என்றால் எங்கள் மதம் எது என்று அதில் நேராகக் கேட்டாள். பதினான்கு வயதில், தன் பெயரோடும் தன் சாதியோடும், யாரும் எழுந்து நிற்கச் சொல்லாமல் தானே எழுந்து நின்றவள் அவள். அதற்கு அவளுக்குத் தேவைப்பட்டது அவளை நம்பிய ஒரு பள்ளி, எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்த ஓர் ஆசிரியை, அச்சிட ஓர் இதழ்.

உங்கள் விடுதியில் ஒரு நோட்டு வாங்கி வையுங்கள். நாற்பது பக்க நோட்டு போதும். அன்றைக்கு என்ன சாப்பாடு, தண்ணீர் வந்ததா, இரவில் யார் கதவைத் தட்டியது, யார் என்ன கேட்டார், நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள் என்று தேதி போட்டு எழுதுங்கள். பெயர் போட விருப்பமில்லை என்றால் போட வேண்டாம். அந்த நோட்டை மாதம் ஒருமுறை நம் மன்றத்தில் கொண்டுவந்து படியுங்கள். அச்சிட வேண்டியதை அச்சிடுவோம். கலெக்டரிடம் கொடுக்க வேண்டியதைக் கொடுப்போம்.